செத்தவர்களின் வரியை நீக்கிய வாரம்

மலேசியாவில் லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, தொண்ணூறுகளின் கடைசியில், எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சும்மா வரவில்லை. மேனேஜர் அதற்கு மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, தனியாக ஓர் ஏசியும் வாங்கி மாட்டினார். பன்னிரண்டு வருஷம் அந்த ஆபீசில் வேர்த்துக் கொட்டியவன் நான். எனக்கு ஒன்று வாங்க அவருக்குத் தோன்றவில்லை.

பெட்டியோடு கோலாலம்பூரிலிருந்து ஒரு சிஸ்டம் நிபுணரும் வந்தார். கழுத்தில் டை, இடுப்பில் பேஜர். ஆள் கணக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவு என்று பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து உள்ளே போட்டுவிட்டால் காகிதமே வேண்டாம் என்றார். இரண்டு மாதம் உட்கார்ந்து ஸ்கேன் செய்தது நான். முடிந்ததும் மேனேஜர் புத்தகங்களை ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தச் சொன்னார். எனக்கு வருத்தம்கூட வரவில்லை. அலமாரி காலியானதே என்று சந்தோஷப்பட்ட ஜென்மம் நான்.

உள்ளே அடுக்கிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஆட்களின் விவரம் ஓர் அட்டவணையில், ஆளுக்கு ஒரு வரி. ஸ்கேன் செய்த படங்கள் பெரியவை என்பதால் அதே டேட்டாபேசில் தனிக் கிடங்கில் கிடக்கும். வரியில் படத்தின் எண் மட்டும் இருக்கும். ஆளுக்கு ஒரு வரி என்றது பொய். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு ஒரு வரி. வீடு புருஷன் பேரில்தானே? பழைய ஃபைலில் இருந்தபடியே பெண்டாட்டியின் காகிதங்களையும் அவன் வரியிலேயே சேர்த்தோம். முப்பது வருஷம் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டியவளுக்கும் தனி வரி கிடையாது. இதை மாற்ற வேண்டுமென்று ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்து.

ஒரு நாள் பால்மரம் வெட்டும் ஓர் அக்கா வந்தார். புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. நாட்டில் இருக்கலாம், குடியுரிமை இல்லை; குடிமக்களுக்கு நீலம். பிறந்ததோ இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் அப்பா விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அவர் பிறந்ததை எழுதிய பக்கம் ஒன்றுதான் சாட்சி.

"தம்பி, அந்தப் பக்கத்த ஒரு காப்பி எடுத்துக் குடுலா. ஐசி ஆபீஸ்ல அதத்தான் கேக்குறாங்க. குடுத்தா நீல ஐசி கெடைக்குமாம்."

பெட்டி நிரம்பித் திணறிக்கொண்டிருந்த நேரம். "அடுத்த வாரம் வாங்கக்கா. மிஷினச் சுத்தம் பண்றோம், அப்புறம் சட்டுனு எடுத்துத் தர்றேன்" என்றேன். பத்து நிமிஷம் காத்திருந்தால் படம் வந்திருக்கும். கை தேய்ந்தா போயிருக்கும் எனக்கு?

"செத்தவங்க, ஓடிப்போனவங்க எல்லாத்தையும் தூக்கு" என்றார் மேனேஜர். தூக்கினேன். வரி போனால் அதிலிருந்த எண்ணும் போகும். படம் போகாது, கேட்பாரற்றுக் கிடங்கிலேயே கிடந்து இடத்தை அடைக்கும். அதற்கு நிபுணர் ஒரு கட்டளை வைத்திருந்தார். எந்த வரியிலும் எண் இல்லாத படங்களைத் தேடி அழிக்கும் கட்டளை. அழிக்கும் முன் பட்டியல் காட்டும். காட்டியது, திரை திரையாக வெறும் எண்கள்.

"நாலஞ்சத் தொறந்து பாத்துரலாமா சார்?" என்று கேட்டேன்.

"எல்லாம் குப்பைதானே பிரதர்? வரி இல்லன்னா ஆள் இல்லலா. டைம் வேஸ்ட்."

டை கட்டியவர் சொன்னால் எங்களுக்கு வேதவாக்கு. நானே என்டர் தட்டினேன். பாதிக் கிடங்கு காலி. பேக்கப்புக்கு இருந்த ஒரே டேப்பில், பழையதன் மேலேயே புதியதை அன்றே எழுதினார் அந்த மேதை. மேனேஜர் கைதட்டி வடை வரவழைத்தார். நானும் மூன்று வடை தின்றேன்.

சொன்னபடி அடுத்த வாரம் அக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தார். புருஷன் பேரைத் தட்டினேன். இல்லை. அவன் வரியை நான்தானே தூக்கினேன், அதில்தானே அக்காவின் பக்கம் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. நிபுணருக்குப் போன் போட்டேன். "பொம்பளைங்களுக்கு ஏன் தனி வரி போடல? உங்க தப்பு பிரதர்" என்று வைத்துவிட்டார். மேனேஜர், "இந்த வயசுல நீல ஐசி வாங்கி அந்தம்மா என்ன செய்யப் போகுது?" என்றார், அக்கா காதில் விழும்படியே. அவர் சட்டைப் பையில் இருந்த ஐசி நீலம்.

"அழிஞ்சு போச்சுக்கா. அவரு பேர எடுத்தப்ப சேந்து போயிருச்சு."

"செத்தது அவருதானே தம்பி? என்னை ஏன் எடுத்தீங்க?"

எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இப்ப எடம் இருக்குல்ல? நான் சொல்றேன், நீ எழுது."

அம்மா பேர், அப்பா பேர், பிறந்த கிழமை, பெய்த மழை, கூடவே பிறந்து மூன்றாம் நாள் இறந்த தங்கை, எல்லாம் சொன்னார். எல்லாவற்றையும் தட்டினேன். நான் தட்டும் தாளை ஐசி ஆபீசில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லத் துப்பில்லை. அச்சடித்து, ஆபீஸ் முத்திரை வேறு குத்திக் கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஐசி ஆபீஸ் இருக்கும் சிரம்பானுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"பத்தரைக்கு அக்கா" என்றேன்.