மூலை வீடும் பக்கத்து வீடும்

கிதியோனுக்கு ஐந்து வயதானபோது தம்பி ஜாய்சன் பிறந்தான். தனக்கு வரவேண்டியதில் ஒரு பங்கு எங்கோ குறைகிறது என்ற எண்ணம் அன்று முதல் அவரை விட்டதில்லை. நாச்சாரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் மேனேஜர் ஆனார். சபையின் பாடகர் குழுவுக்குத் தலைவரும் ஆனார். ஆனாலும் தம்பி புதுச் சட்டை போட்டு வந்தால் விலை கேட்காமல் இருக்க மாட்டார்.

அப்பாவின் போலாரம் வீட்டை இடித்துக் கட்டப் பில்டரிடம் கொடுத்ததில், எழும்பிய அடுக்குமாடியில் சகோதரர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வீடுகள் கிடைத்தன. பத்திரத்தில் இரண்டுக்கும் ஒரே சதுர அடி. ஒன்று மட்டும் மூலை வீடு. இரண்டு பக்கமும் காற்று வரும். ஜாய்சன் வாயைத் திறப்பதற்குள் கிதியோன் அதன் சாவியை எடுத்துக்கொண்டார்.

சில வருடங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு குடியிருப்போர் சங்கம், எல்லா வீடுகளையும் புது முறைப்படி அளந்து பதிவு செய்ய ஸ்ரேயா என்ற இன்ஜினியரை அழைத்தது. தெலுங்கு பேசும் ஊரில் தமிழ் பேசும் பெண். லேசர் கருவியைச் சுவருக்குச் சுவர் காட்டி அளந்தாள்.

"பழைய முறையில வெளிச்சுவரோட தடிமனும் வீட்டுக் கணக்குல சேரும் அங்கிள். இப்போ கார்ப்பெட் ஏரியாதான். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. உங்களது மூலை வீடு, வெளிச்சுவர் ஜாஸ்தி. அதனால உள்ளே தரை குறையுது."

"எவ்வளவு?"

"தம்பி வீட்டைவிட இருபத்துநாலு சதுர அடி."

ஒரு கட்டில் போடும் இடம்! அதன்பின் ஜாய்சன் வீட்டுக் கூடத்தில் காலை வைத்தாலே அது பரந்து கிடப்பதாகத் தோன்றியது. அங்கே சோபாகூடத் தாராளமாக உட்கார்ந்திருந்தது.

"நேத்து வரைக்கும் போதுமா இருந்த வீடு இன்னைக்குச் சுருங்கிடுச்சா?" என்று கேட்டாள் மனைவி ஜெயசுந்தரி.

விஷயம் ஜாய்சன் காதுக்குப் போனது. "கைக்கு, எதுக்கு இந்த டென்ஷன், அண்ணே? வீட்டை மாத்திக்கலாம்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"ஹவ், நிஜமாத்தான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இவ்வளவு சுலபமாகத் தருகிறானே, அதில் என்ன இருக்கிறதோ என்று கிதியோனுக்கு ஒரு சந்தேகம். இருந்தாலும் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்தார்.

இரண்டாம் நாள் ஜாய்சனின் மனைவி கரோலின் திரைச்சீலைக்கு அளவெடுக்க மூலை வீட்டுக்கு வந்தாள். ஜெயசுந்தரியோடு படுக்கையறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, ரெண்டு பக்கமும் ஜன்னல்! இங்கே தையல் மெஷினைப் போட்டுக்குவேன். எங்க வீட்டுல பகல்லயும் லைட்டு போட்டாத்தான் ஊசி தெரியும்."

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். வாசலில் நின்ற கிதியோனுக்கு வயிறு எரிந்தது. அந்த ஜன்னல் பக்கம் அவர் போய் நின்றதே இல்லை.

"நக்கோ. மாத்த வேண்டாம்," என்றார். "மூட்டை தூக்கி இடுப்பு போச்சு."

கரோலின் கையிலிருந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனாள். அதன்பின் பல நாள் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜாய்சன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஸ்கூட்டரைக் கிளப்பி, "வா அண்ணே, ஆராதனைக்கு நேரமாச்சு," என்றான்.

வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த கிதியோன் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் இவனால் மட்டும் எப்படி இருக்க முடிகிறது? இப்போது அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.