இருபத்திரண்டு பெயர்கள்

திங்கட்கிழமை காலை இந்தப் பக்கத்தை லே-அவுட் செய்துகொண்டிருந்தபோது சரோஜினி மேடத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா தவறிட்டாங்க சார். விடியக்காலைல, ஹார்ட் அட்டாக்." எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் அல்ல, மூன்று வாரமாக நான் போடாமல் வைத்திருந்த அவருடைய கட்டுரை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாம்பரம் வட்டாரத்துக்கு மட்டும் வரும் நம் வாரப் பத்திரிகையில் எட்டு ஆண்டுகளாக ஐந்தாம் டிவிஷன் கிரிக்கெட் பற்றி எழுதியவர் அவர். குரோம்பேட்டையில் அலுவலக வேலை. ஞாயிறானால் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக ஏதாவது ஒரு மைதானத்தில் இருப்பார். முதல் கட்டுரையோடு வந்த அன்று, இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பெரிய மேட்ச்சைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க சார். நேத்து படப்பைல ஒரு டூவீலர் மெக்கானிக் பவுண்டரி வரைக்கும் ஓடிப்போய் ஒரு கேட்ச் பிடிச்சார். சரியாப் பார்த்தது நானும் ஒரு நாயும்தான். நான் எழுதலைன்னா அவர் வீட்டுல கூட நம்ப மாட்டாங்க."

ஒருமுறை அவரோடு பள்ளிக்கரணைக்குப் போனேன். ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியிடம்தான் முதலில் போய்ப் பெயர்கள் கேட்டார். முதல் பந்திலேயே அவுட்டானவர், "அக்கா, என் பேரை வுட்டுடுங்க. வூட்ல கலாய்ப்பாங்க" என்று கெஞ்சினார்.

"நாள் பூரா வெயில்ல நின்னியா இல்லையாப்பா? அப்ப பேரு வரும்" என்றார் மேடம்.

வரவில்லை. இடம் போதவில்லை என்று தோற்ற அணியின் பதினொரு பெயர்களையும் நான் வெட்டிவிட்டேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதையே செய்தேன், பிறகு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. மேடம் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. கடைசிக் கட்டுரையை அனுப்பியபோது மட்டும், "இந்த ஒரு தடவை இருபத்திரண்டு பேரும் வரட்டும் சார்" என்றார். விளம்பரம் ஒன்று வந்தது, கட்டுரையைத் தள்ளிவைத்தேன். அவர் போன் செய்தபோதெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் தம்பி ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே நம் பத்திரிகை, ஓர் இதழ் விடாமல். ஒவ்வொரு கட்டுரையின் ஓரத்திலும் நான் வெட்டிய பெயர்களை மேடம் நீல மையில், பொடி எழுத்தில் எழுதிவைத்திருந்தார். அதற்குப் பிறகு மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மாலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வாரம் விளம்பரம் காத்திருக்கட்டும். அவருடைய கடைசிக் கட்டுரை கீழே முழுமையாக வருகிறது, தோற்றவர்களின் பெயர்களோடு. அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் பக்கம் இவ்வளவுதான். நான் நீட்டினால் மறுபடியும் சில பெயர்கள் போய்விடும்.

போய் வாருங்கள், மேடம். இந்த முறை நான் வெட்டியது என்னுடைய எழுத்தைத்தான்.