சுருட்டு முட்டைக்கு ஒரு சதுரச் சட்டி

போன மாதம் எங்கள் கடை வாசலில் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். கையில் தகரப் பெட்டி, தலையில் தொப்பி. ஹல்துமுல்லைப் பக்கமிருந்து ஏறி வந்த பஸ் அது. வளைவுகளில் வயிறு கலங்கி முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"முத்து இருக்கானா?"

முத்து என்றால் என் வீட்டுக்காரர். இந்தப் பெரகல சந்தியில் அவரை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. தோட்டத்து ஆட்களுக்கு அவர் 'கடைக்கார அண்ணே'. எனக்கு? இதை எழுதும்போதே கை கூசுகிறது... விடுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். கொழும்பில் ஏறி யோகோஹாமா வரைக்கும் போய் வந்தவர். என்னைக் கட்டிக்கொண்டதும் கடலை விட்டார். நானும் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் வேலையை விட்டேன். இப்போது இருவரும் சேர்ந்து இந்தச் சந்தியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். வண்டிக்காரர்களும் தோட்டத்து ஆட்களும்தான் எங்கள் வாடிக்கை.

வந்தவர் பெயர் அந்தோணி. இவரோடு ஒரே கப்பலில், ஒரே அடுப்படியில் வேலை பார்த்தவர். சோறு போட்டேன். ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"கப்பல்ல இடம் இருக்குடா முத்து. அதே ஜப்பான் லைன். நீ சரின்னு சொன்னா நான் பேசி முடிச்சிடுவேன்."

நான் ரசக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தார். கொஞ்ச நேரம் பிசைந்தார். பிறகு சொன்னார்: "பார்ப்போம்."

பார்ப்போம்! ஆண்பிள்ளைகள் கண்டுபிடித்த வார்த்தைகளிலேயே இதைப் போல ஒன்று உண்டா? ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். மேற்கொண்டு கேட்காதே என்று பொருள் கொள்வதுதான் பத்திரம். நானும் கேட்கவில்லை. அந்தோணி பண்டாரவளையில் இருக்கிற தங்கையைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் காலையில் இவர் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

"பதுளைக்குப் போயிட்டு வருவமா, புள்ள? ஒரு சட்டி வாங்கணும்."

"என்ன சட்டி?"

"சதுரச் சட்டி. ஜப்பான் முட்டைக்கு."

அந்த முட்டை எனக்குத் தெரியும். கப்பலில் ஒரு ஜப்பான் சமையல்காரர் இவருக்குச் சொல்லிக்கொடுத்தது. முட்டையை அடித்து, உப்பும் சீனியும் கொஞ்சம் மீன் சாறும் சேர்த்து, சட்டியில் காகிதம் மாதிரி மெல்லிசாக ஊற்றுவது. வேகும்போதே பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டுவது. அதன்மேல் இன்னொரு ஊற்று, இன்னொரு சுருட்டு. அந்தச் சாற்றுக்கு அவர்கள் போடுகிற கருவாடு மரக்கட்டை மாதிரி இருக்குமாம், சீவிச் சீவிப் போடுவார்களாம். நம் மாசிக் கருவாடு இருக்கிறதே, அது போதும் என்பது இவர் கட்சி. கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு முறை செய்து கொடுத்தார். வட்டமான தோசைக் கல்லில் செய்ததால் இரண்டு முனையும் நைந்து, நடு மட்டும் பருத்து... ருசி மட்டும் சொல்லவே வேண்டாம். "நாலு மூலை உள்ள சட்டி வேணும் புள்ள" என்று அன்றைக்கே சொன்னார். அதோடு மறந்துபோனார்.

இப்போது ஏன் ஞாபகம் வந்தது? கப்பலில் இடம் இருக்கிறது என்று சொன்ன மறுநாளே? கை பழக்கிக்கொள்ளத்தானே?

அப்பூத்தளையில் ரயில் ஏறினோம். இப்போதுதான் ரயில் பதுளை வரைக்கும் போகிறதே. வழியெல்லாம் இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். ஹாலிஎல ஸ்டேஷனில் யாரோ ஆரஞ்சு விற்றார்கள். வாங்கித் தந்தார். உரித்துக்கொண்டே இருந்தேன், ஒரு சுளைகூட இறங்கவில்லை.

பதுளைக் கடைத்தெருவில் காசிம் நானாவின் கடையில் கிடைக்காத சாமான் கிடையாது. ஆணியிலிருந்து ஆட்டுக்கல் வரை இருக்கும். சீமைக்குப் போகிற துரைமார் விற்றுவிட்டுப் போகிற பங்களாச் சாமான்களும் அங்கேதான் வந்து சேரும். விஷயத்தைச் சொன்னதும் நானா உள்ளே போய் மூன்று சட்டிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

ஒன்று தகரம். இவர் அதைத் தொடவே இல்லை. இரண்டாவது செம்பு. மரக் கைப்பிடி, உள்ளே ஈயம் பூசியது, பார்க்கவே அழகு. மூன்றாவது வார்ப்பு இரும்பு. கன்னங்கரேலென்று செவ்வகமாக, கைப்பிடியும் சேர்த்தே வார்த்தது. ஏதோ ஒரு பங்களா அடுப்போடு வந்ததாம்.

இவர் செம்பைத்தான் முதலில் எடுத்தார். ஒற்றைக் கையில் பிடித்து, மணிக்கட்டை லேசாகச் சுண்டினார்.

"கப்பல்ல இதே மாதிரிதான் இருக்கும்" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

நான் தகரச் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு இரும்பை எடுத்தார். விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துக் கேட்குமாம். இது கணீரென்றது. மேசைமேல் வைத்து நாலு மூலையையும் அழுத்தினார். ஆடவில்லை. உள்பக்கம் நகத்தால் கீறிப் பார்த்தார். குழி இருந்தால் முட்டை அங்கேதான் பிடித்துக்கொள்ளும்.

"சாமான் நல்லாத்தான் இருக்கு. ஆனா கனம்."

"கனமான சட்டிதான் தம்பி நல்லது" என்றார் நானா. "சூடு ஏற நேரமாகும். ஏறினா லேசில இறங்காது."

"இரும்பையே எடுங்க" என்றேன் நான்.

"நீ தூக்கிப் பாரு புள்ள."

தூக்கினேன். ஒரு கையால் தூக்குகிற மாதிரி பாவனை பண்ணி, மற்றக் கையை முந்தானைக்குள் மறைத்து அடியில் கொடுத்துத் தூக்கினேன். "பஞ்சு மாதிரி இருக்கு" என்றேன். அடியில் கொடுத்த கை முந்தானைக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தது. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

அவ்வளவுதான். அந்தோணி வந்ததிலிருந்து உள்ளே வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"இதைத் தூக்கிக்கிட்டு கப்பலேற முடியாதுல்ல? அதான்!"

காசிம் நானாவுக்குத் திடீரென்று உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வந்தது. போய்விட்டார்... நல்ல மனிதர்.

இவர் சட்டியை என் கையிலிருந்து வாங்கி மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"யாரு கப்பலேறப் போறது?"

"பார்ப்போம்னு சொன்னீங்களே!"

"அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்தவன். அவன் கை சோத்துல இருக்கும்போதே மாட்டேன்னா சொல்றது?"

"அப்ப போகணும்னு நினைக்கவே இல்லையா?"

உடனே பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. பொய் சொல்கிறவராக இருந்தால் உடனே சொல்லியிருப்பார்.

"நினைச்சேன். அவன் பேசப் பேச அந்த உப்புக் காத்து அடிச்ச மாதிரியே இருந்துச்சு. ஆனா அங்க அடுப்பு என்னுது இல்ல, சட்டி என்னுது இல்ல. செஞ்சு குடுத்தா யாரு சாப்பிட்டாங்கன்னே தெரியாது. தட்டு மேல போகும், காலியா கீழ வரும். இங்க நீ சாப்பிடுறதை நான் பார்க்கலாம்."

"பிறகு எதுக்கு இந்தச் சட்டி?"

"அந்தோணிக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கிட்ட முட்டை அது. அதைச் செஞ்சு போட்டு, வரலடான்னு சொல்லணும். வெறுங்கையோட எப்படிச் சொல்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, செம்பையே எடுத்துக்கொள்ளலாம், அதுதானே உங்களுக்குப் பிடித்தது என்றேன்.

தலையை ஆட்டினார். "வேணாம். நம்ம அடுப்பு விறகு அடுப்பு. தீ ஏறும், இறங்கும். செம்பு உடனே கருக்கிடும், இரும்புதான் தாங்கும். நீ சொன்ன காரணம் தப்பு புள்ள... ஆனா எடுத்த சாமான் சரி."

சரியாக அந்த நேரம் பார்த்து காசிம் நானா வெளியே வந்தார். "இரும்புதானே தங்கச்சி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சாக்குத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்!

ரயிலில் சட்டி என் மடியில் இருந்தது. மிச்ச ஆரஞ்சு முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தோசைக் கல்லைப் பழக்குகிற மாதிரியே அதையும் பழக்கினோம். கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயத்தைத் தேய்த்து, மறுபடியும் சூடாக்கி... அப்படியும் முதல் முட்டை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சுரண்டிக் காக்கைக்குப் போட்டோம். இரண்டாவது கருகியது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது. இவர் ஊற்றிச் சுருட்டுவது, நான் அடுப்பைப் பார்ப்பது. "தணலை இழு" என்றால் இழுப்பேன். "தள்ளு" என்றால் தள்ளுவேன். டீ குடிக்க வந்த வண்டிக்காரர்கள் குடிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவழியாக நாலு மூலையும் சரியாக, செங்கல் மாதிரி ஒரு முட்டை இறங்கியது. வெட்டினால் உள்ளே சுற்றுச் சுற்றாக மஞ்சள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வந்தார். இலை போட்டு அதைத்தான் முதலில் வைத்தோம். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"நீ வரமாட்டே" என்றார்.

"வரலடா அந்தோணி."

அந்தோணி குனிந்தபடியே இருந்தார். கோபமோ என்று பயந்தேன். கோபமில்லை.

"சமையல்காரன் கிடைக்காமலா உன்னைத் தேடி வந்தேன்? ஆயிரம் பேர் கிடைப்பாங்க. கூட உக்கார்ந்து சாப்பிட ஆள் இல்லடா. அதான்."

நான் இன்னும் இரண்டு துண்டுகளை அவர் இலையில் வைத்தேன். "வருஷத்துக்கு ஒரு தடவையாவது கரைக்கு வருவீங்கல்ல அண்ணே? அப்ப நேரா இங்க வாங்க. தனியா சாப்பிட வேணாம்."

"பச்சை மிளகாய் போட்டுச் செய்வியா, தங்கச்சி? ஜப்பான்காரனுக்குத் தெரியாமதான் நாங்க போட்டுக்குவோம்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். போகும்போது வாழை இலையில் மடித்து வழிக்கும் கொடுத்துவிட்டோம். பஸ் வளைவில் திரும்பும்வரை இவர் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, "மாசிக் கருவாடு தீர்ந்துபோச்சு புள்ள" என்றார், அவ்வளவுதான்.

இப்போது தோட்டத்து ஆட்கள் வந்து உட்கார்ந்ததுமே 'சுருட்டு முட்டை' இருக்கா என்று கேட்கிறார்கள். பச்சை மிளகாய் போட்டதைத்தான். ஜப்பான் முறையில் செய்ததைக் கேட்க ஆளில்லையே என்று இவருக்குக் கொஞ்சம் மனக்குறை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

தங்கச்சிமாரே, வீட்டுக்காரர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? வாய் திறந்து கேட்டுவிடுங்கள் — ஆனால் கடைக்காரர் காது கேட்கிற தூரத்தில் வேண்டாம். பதுளையில் எனக்கு இப்போது 'கப்பல் தங்கச்சி' என்று பெயர்!