வற்றாத ஏரியும் இருபத்திரண்டு முடிச்சும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. திருப்பதியில் முதுகலை கடைசி ஆண்டில், எங்கள் ஊர் இருக்கும் நாகலாபுரம் பக்கம் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று காட்டும் கணினி மாதிரி ஒன்றைச் செய்தேன். நிலத்தின் ஓரங்களில் என்ன நடக்கிறது என்பதை நாமே அதற்குச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பெயர் எல்லை நிபந்தனை. தண்ணீர் கடக்காத பாறை ஓரம் 'ஓட்டமில்லா எல்லை'. எவ்வளவு உறிஞ்சினாலும் மட்டம் இறங்காத நீர்நிலை 'நிலைமட்ட எல்லை'. எங்கள் ஊர் ஏரிக்கு இரண்டாவதைக் கொடுத்தேன். பாடப்புத்தகத்துப் படத்தில் ஏரிக்கு அதுதான் போட்டிருந்தது.

சரிபார்க்க எட்டுக் கிணறுகள். அதில் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தது எங்களுடையது மட்டும்தான். அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றை அம்மாவிடம் கொடுத்திருந்தேன். ஞாயிறுதோறும் அதை இறக்கி, நனையாத முடிச்சுகளை எண்ணிப் போனில் சொல்வாள். ஏழு கிணறுகள் ஒத்துப்போயின. கோடையில் எங்கள் கிணறு மட்டும் முரண்டு பிடித்தது. மாதிரிப்படி பத்து முடிச்சு. அம்மா இருபத்திரண்டு என்றாள்.

"சரியா எண்ணும்மா."

"எண்ணிக்கினுதான் சொல்றேன்."

"பத்துதான் வரணும்."

"நீ சொன்னா ஆச்சா? கெணறு கேக்க வாணாமா?"

படிக்காதவள் அளந்தால் இப்படித்தான் என்று முடிவுகட்டி, அந்தக் கிணற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். மாதிரி உடனே அழகாகிவிட்டது. பேராசிரியர் பாராட்டினார். ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு வாரம் இருந்தது.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தேன். பாதி தூரத்தில்தான் செருப்பைப் பார்த்தேன். ஒரே புழுதி. நிலைமட்ட எல்லையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பத்து வருஷம் கோடைதோறும் பள்ளிக்கூடம் போன வழி அது.

வீட்டுக்குப் போனதும் கயிற்றை நானே இறக்கி எண்ணினேன். இருபத்துமூன்று.

"உன் பத்து எங்க?" என்றாள் அம்மா.

"ஏரில தண்ணி இருந்தா வந்திருக்கும்."

"கோடைல அங்க மாடு மேயுது. இதுக்கா திருப்பதில உக்காந்துக்கினு படிக்கிற? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

திரும்பி வந்து பேராசிரியரிடம் சொன்னேன். "ஏழு கிணறு போதும்மா. மாத்தினா பட்டம் ஆறு மாசம் தள்ளிப்போகும்" என்றார். என்னுடன் படித்தவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு மாதிரியில் கோடை மாதங்களுக்கு ஏரியை வற்றவிட்டேன். எங்கள் கிணறு இருபத்திரண்டுக்கு இறங்கி வந்தது.

தாமதத்துக்கான படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். 'நேரடிக் கள ஆய்வு' என்று எழுதினேன். ஆய்வு எவ்வளவு காலம் நடந்தது என்ற கட்டத்தில் 'ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை' என்று எழுதத்தான் ஆசை. 'ஒரு நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.