தாய்மாமனுக்கு ஒரு கிரான்

கல்யாண வீட்டில் அழைப்பு குறைந்துபோய்ச் சண்டை வரும். அழைப்பு கூடிப்போய் ஒரு வீடு நடுங்கியதைப் பார்த்திருக்கிறீர்களா? போன வாரம் எங்கள் வீடு நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். தாராபுரத்துத் தாய்மாமன் — என் மனைவியின் அண்ணன் — வந்து நின்றால்தான் சீர் நடக்கும். அவரோ முறுக்கிக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு நான் போனில் அழைத்துவிட்டேனாம். நேரில் வந்து வெற்றிலைத் தட்டு வைக்கவில்லையாம். கல்யாணத்துக்குத் தட்டோடு போனோம். "பார்க்கலாமுங்க மாப்பிள்ளை" என்றார். கொங்கு நாட்டில் இதற்கு என்ன பொருள்? கதவை மரியாதையாகச் சாத்துகிறார்கள் என்று பொருள்.

மனைவிக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துபவள். "தினமும் காலைல ஒரு மெசேஜ் போனா மாமா மனசு கரைஞ்சிருமுங்கப்பா. அதை எதுக்குக் கையில அனுப்போணும்? கிரான்ல போட்டுட்டாப் போச்சு" என்றாள்.

கிரான் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் அலாரம். சொன்ன நேரத்தில் சொன்ன வேலையைச் செய்யும். ஏன் என்று கேட்காது. இப்படி ஓர் உறவுக்காரர் எந்தக் கல்யாண வீட்டுக்குக் கிடைத்திருக்கிறார்? அதற்கு ஐந்து இடங்களை நிரப்ப வேண்டும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. எதுவானாலும் சரி என்றால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு முறை என்றால், நிமிடத்தில் பூஜ்யம், மணியில் ஆறு, மற்றதெல்லாம் நட்சத்திரம்.

மாமாவுக்கு மட்டும் போதுமா? என் வழிச் சொந்தங்களுக்கு ஒரு வரி, மனைவி வழிக்கு ஒரு வரி எழுதினாள். முதல் வரியில் பூஜ்யம் ஒழுங்காக விழுந்தது. இரண்டாவதில்? நிமிடத்திலும் நட்சத்திரம். அதாவது ஆறிலிருந்து ஏழு வரை எந்த நிமிடமானாலும் சரி…

"செக் பண்ணுனியா அம்மணி?"

"ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேனுங்கப்பா."

படித்தாளாம். எழுதியவர் கண்ணுக்கு, எழுத நினைத்ததுதானே தெரியும்? இதற்கென்றே இணையத்தில் பக்கங்கள் இருக்கின்றன. வரியை அதில் போட்டால், அடுத்து எப்போதெல்லாம் ஓடும் என்று நேரங்களைக் காட்டிவிடும். ஆறு, ஆறு ஒன்று, ஆறு இரண்டு… மானம் அங்கேயே போயிருக்கும். வீட்டுக்குள்ளேயே போயிருக்கும்.

மறுநாள் விடிந்தது. வெளிச்சம் இன்னும் வாசலுக்கு வரவில்லை. அதற்குள் தாராபுரத்துப் போன்கள் குயிலாகக் கூவத் தொடங்கிவிட்டன. 'ஞாயித்துக்கிழமை கல்யாணமுங்க. கண்டிப்பா வரோணும்.' நிமிடத்துக்கு ஒன்று. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோமேஷனின் பயனே அதுதானே?

ஏழு மணிக்கு மச்சானின் போன். மனைவி முகம் வெளிறியது. "எடுங்க… திட்டுனா வாங்கிக்குங்க."

"மாப்பிள்ளை…" குரல் உடைந்திருந்தது. "புள்ளை ஆறு மணில இருந்து கூப்புட்டுட்டே இருக்குதுங்க. டைப் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சிருக்குமே! நானென்ன கல்லுங்களா? வெள்ளிக்கிழமையே வாரேனுங்க. புள்ளையை அழுவாம இருக்கச் சொல்லுங்க."

புள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

எழுந்து விஷயம் கேட்ட மகள் பதறி லேப்டாப்பைத் திறந்தாள். "ஐயோ, இப்பவே சரி பண்ணிப்போடறேன்."

"தொட்டீன்னா பாரு! எங்கண்ணன் வந்து எறங்கற வரைக்கும் ஓடட்டும்."

கொஞ்ச நேரத்தில் கொடுமுடியிலிருந்து என் தங்கை. மச்சான் தன் போன் திரையைப் படம் பிடித்து, குடும்பக் குரூப்பில் பெருமையாகப் போட்டிருக்கிறார்.

"ஏனுங்கண்ணா, அண்ணி ஊட்டுக்காரங்களுக்கு அத்தனை. கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணே ஒண்ணுங்களா? நாங்க வரோணுமா வேண்டாமான்னு யோசிக்கோணுமுங்க."

யோசிக்க விடுவேனா? மகளை உட்காரவைத்து என் வழி வரியிலும் பூஜ்யத்தை எடுத்து நட்சத்திரம் போடச் சொன்னேன். இந்த முறை ஏமாறவில்லை. இணையத்தில் போட்டு, நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தேன்.

அப்பாடா… தப்பு மிகச் சரியாக இருந்தது.