ஜெனீவா போன பரி

பட்டம்மாளை ஜெனீவாவுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான். அவளுடைய பரியையும் எடுத்து வரச் சொன்னவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

பட்டம்மாள் இருளர் பெண். எண்ணூரில், காத்திவாக்கம் பக்கம் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கிறவள். படகு, வலை எதுவும் கிடையாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த தண்ணீரில் கழுத்தளவு இறங்கித் தவழ்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள். அகப்பட்டதைப் போட, பனையோலையில் பின்னிய சின்னக் கூடை வாயில் தொங்கும். அதுதான் பரி. அதைப் பல்லால் கடித்துக்கொண்டே மணிக்கணக்கில் வேலை செய்வார்கள். ஒருத்தி கடித்த பரியை இன்னொருத்தி தொடமாட்டாள். எச்சில் பட்டது, அவ்வளவுதான்.

புருஷன் செத்து ஆறு வருஷம். ஒரே மகள் ஷாலு, பிளஸ் டூவில் நல்ல மார்க். பழங்குடி ஒதுக்கீட்டில் நர்சிங் சீட் தயாராக இருந்தது. சாதிச் சான்றிதழ்தான் இல்லை. ஆகஸ்ட் பத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வருவாய்த் துறை ஆபீசில் மனு மேல் மனு போட்டோம், எழுதிக் கொடுத்தது நான். முதல் தடவையே, “இருளர்னா பாம்பு பிடிப்பீங்களே, நீ பிடிப்பியா?” என்று ஒருவர் கேட்டார். “பாம்பப் பாத்தா நான் ஓடிருவேன் சார்” என்றாள். உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மூன்றாவது மனுவுக்கு, வீட்டுக்கு வந்து விசாரிப்போம் என்றார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை.

இதற்கிடையில் ஒரு அழைப்பு வந்திருந்தது. பல நாட்டுப் பழங்குடிகளின் உரிமைகளைக் காப்பதற்காக ஜூலையில் ஜெனீவாவில் ஒரு கூட்டம். பட்டம்மாளுக்கு மூன்று நிமிடம். நான் ராயபுரத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், மொழிபெயர்க்கக் கூடப் போனேன்.

“அவ்ளோ நாட்டுக்காரங்க காதுல போட்டா, ஷாலுக்கு சர்டிபிகேட் குடுத்துருவாங்களா டீச்சர்?”

“குடுப்பாங்க” என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

அங்கே யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. நீங்கள் யார் என்று கேட்டார்கள், இருளர் என்றாள். அப்படியே அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இங்க இவ்ளோதானா டீச்சர்? வாயால சொன்னாப் போதுமா?” என்று என்னிடம் மூன்று தடவை கேட்டாள்.

மேடையில் பரியைப் பல்லில் கடித்துக் காட்டிவிட்டுப் பேசினாள். சபை எழுந்து நின்று கைதட்டியது. கண்காட்சிக்காக அந்தப் பரியைக் கேட்டார்கள். “குடு பட்டம்மா, ஊர்ல வேற பின்னிக்கலாம்” என்றேன். கொடுத்துவிட்டாள்.

நாங்கள் ஜெனீவாவில் இறங்கிய அன்றுதான் விசாரணைக்காரர் காத்திவாக்கத்துக்கு வந்திருக்கிறார். வீட்டில் ஷாலு மட்டும் இருந்தாள்.

“கையால இறால் புடிக்கிற குடும்பம்னு எழுதியிருக்கு. கூடை எங்க?”

“அம்மா எடுத்துகினு போயிருக்கு சார்.”

“எங்க?”

“ஜெனீவாவுக்கு.”

அவர் சிரித்திருக்கிறார். பக்கத்து வீட்டு வரலட்சுமியின் பரி வேலியில்தான் தொங்கியது. அதை எடுத்து, இதுதான் எங்களுடையது என்று காட்டியிருக்கலாம். இருளர் அல்லாத எந்தப் பெண்ணாக இருந்தாலும் காட்டியிருப்பாள். ஷாலுவுக்கு அது தோன்றக்கூட இல்லை. அடுத்தவள் வாயில் வைத்ததை எப்படித் தொடுவது? ‘பாரம்பரியத் தொழிலுக்கான அடையாளம் இல்லை, தாய் வெளிநாட்டில்’ என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

ஊர் திரும்பிய மறுநாளே பட்டம்மாள் அந்த அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை, எனக்கும் ஒரு நப்பாசை.

“இது மீட்டிங் பாஸும்மா” என்று திருப்பிக் கொடுத்தார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“அம்மாம் பேரு எய்ந்து நின்னாங்களே சார்” என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

மறுபடி மனு எழுதினோம். ஜெனீவாவுக்கும் எழுதினேன், கவலை தெரிவித்துப் பதில் வந்தது. ஆகஸ்ட் பத்து வந்தது, போனது. சீட்டும் போயிற்று. ஷாலு அழவில்லை. தனக்கென்று ஒரு பரி பின்னித் தரச் சொல்லி, அம்மாவோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அழுதது நான்தான், என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு.

செப்டம்பரில் ஜெனீவாவிலிருந்து என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், பட்டம்மாளின் பரி. அதைக் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டாம். புத்தி கெட்டுப்போய்க் காட்டினேன்.

“கீய இன்னாமோ எய்தி கீதே, இன்னா அது?” என்றாள் பட்டம்மாள்.

ஷாலு போனை வாங்கி, எழுத்தைப் பெரிசாக்கி, தமிழில் படித்தாள். “இருளர் பழங்குடிப் பெண்ணின் கூடை. எண்ணூர், இந்தியா.”

படத்தை அம்மா பக்கம் திருப்பினாள்.

“பரிக்கு சர்டிபிகேட் குடுத்துட்டாங்கம்மா” என்றாள்.

போனை என்னிடம் நீட்டும்போதுதான் கவனித்தேன். ஓலை அறுத்து, அவள் வாயின் இரண்டு ஓரமும் புண்ணாகியிருந்தது.