தோல் கொடுக்க வந்தவர்

எங்கள் ஊர் போலகத்துச் சாலையில் செடியோடு காயப்போட்டிருந்த உளுந்தில் என் பைக் சறுக்கியது. உளுந்து எங்கள் பெரியப்பாவுடையது, அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை. வண்டிக்கு அடியில் கால் மாட்டி, சூடான சைலன்சர் கெண்டைக்காலைத் தீய்த்துவிட்டது. தோல் எடுத்து ஒட்டாவிட்டால் காலை நீட்டி மடக்க வராது என்றார்கள் காரைக்கால் ஆஸ்பத்திரியில்.

என்னுடையது காதல் கல்யாணம். பெண் பட்டினச்சேரி மீனவர் வீட்டுப் பெண். வயக்காட்டு ஆளுக்குப் பெண் போனதில் மாமனாருக்குக் கோபம். கல்யாணத்திலிருந்தே என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவரு சாப்ட்டாராம்மா?" என்று என் மனைவியிடம் கேட்பார். நான் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் வீம்பு. அவரை மாமா என்று கூப்பிட்டதே இல்லை.

ஆபரேஷனன்று காலையில் மாமனார் குளித்துவிட்டு வந்து, என் கட்டிலருகே டாக்டர் முன்னால் நின்றார். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடந்தது.

"தோலு வேணுமாமே. என் தொடையில எடுத்துக்குங்க. ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல."

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"அடுத்தவங்க தோலு நெலைக்காதுங்க. உடம்பு தள்ளிடும். அவரு தோலத்தான் அவருக்கு வைக்கணும்."

"எதால எடுப்பீங்க?"

டாக்டர் பழைய கத்தி ஒன்றை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார். நீளமான அலகு, அதை ஒட்டினாற்போல் ஓர் உருளை. திருகைத் திருகினால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடும், குறையும். அந்த அளவைத் தாண்டிக் கத்தி இறங்காது. மாமனார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இம்புட்டு மெல்லிசாவா? அப்ப அவருக்கு வலிக்காதுல்ல?"

"ஒட்டுன எடத்தவிட எடுத்த எடந்தாங்க ரொம்ப வலிக்கும்."

"அதுக்குத்தாங்க என் தொடைய எடுங்கங்கறேன்."

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முதுகில் ஊசி போட்டதால் தியேட்டரில் ஒன்றும் தெரியவில்லை. மருந்தின் வேகம் இறங்கியபிறகு டாக்டர் சொன்னது புரிந்தது. தோல் எடுத்த தொடை அப்படி எரிந்தது, கால் புண்ணே தேவலை போலிருந்தது.

கால் கட்டைப் பிரித்த அன்று, "நல்லாப் புடிச்சிருக்கு, இனி நடக்கலாம்" என்றார் டாக்டர். எல்லோரும் கெண்டைக்காலைப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் தொடைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது புண்ணோடு ஒட்டிக்கொண்டு, அசைந்தால் இன்னும் உயிர் போனது. டாக்டர் கிளம்பினார். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். என்னைப் பற்றிக் கேட்க அவருக்கு வேறு ஆளில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"தொட வலிக்குதா மாப்ள?"

"இல்ல மாமா" என்றேன்.